நடந்தே பார்க்க வேண்டிய நாடகப்பேட்டை

லண்டன் மாநகரின் பாதாள ரயில் மார்க்கங்களில், ஒரு நிலையத்துக்கும் அதற்கு அடுத்த நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் எங்கே மிகக் குறைவு என்று விசாரித்தால், லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே என்ற பதில் அவ்வூர்க்காரர்களிடமிருந்து யோசனையின்றி வரும். ஏறக்குறைய 260 மீட்டர்; அவ்வளவுதான். இந்த அற்ப தூரத்துக்காகச் சீட்டு வாங்கி, நகரும் படிக்கட்டில் பூமிக்குள் இறங்கி, வண்டி வரும்வரை காத்திருந்து, ஏறிக் கம்பியைப் பிடிப்பதற்குள் இறங்க வேண்டியதாகி, பிறகு கோவென்ட் கார்டன் நிலையத்து லிஃப்டின் வாசலில் ஒரு பெருங்கூட்டத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற வெளியூர்ப் பிரயாணிகள் நாள்தோறும் ஏராளம். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு 193 படிகள் கொண்ட சுழற்படிக்கட்டு ஒன்று உண்டு. அதில் ஏறி மேலே வந்தவர்களுக்கு அதற்குப் பிறகு ஊர் பார்க்கும் உற்சாகம் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே. தரைக்கு மேலே அதே தூரத்தை நடந்து கடக்கிறவரோ, இதற்குள் நாடகக் கொட்டகை விளம்பரங்களை நின்று படித்து, ஒரு சந்துக்குள் எட்டிப் பார்த்து, கடைத்தெருவையும் தாண்டிச் சதுக்கத்துக்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

தெற்கே ஸ்டிராண்ட், மேற்கே சேரிங் கிராஸ் சாலை, வடக்கே ஹை ஹோல்பர்ன், கிழக்கே கிங்ஸ்வே என்ற நான்கு பெருவீதிகளுக்கு இடைப்பட்ட கோவென்ட் கார்டன் பிரதேசத்தை, ஒரு பெரிய கோயிலின் மாடவீதிகளைப் பிரதட்சிணம் செய்கிற நிதானத்தில் நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடலாம். அதற்குள்ளே உலகப் பிரசித்தி பெற்ற சங்கீத நாடக சாலையான ராயல் ஆபரா ஹவுஸ் இருக்கிறது. மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாக நாடகம் நடந்துவரும் டிரூரி லேன் அரங்கம் இருக்கிறது. இவற்றைச் சுற்றிப் பெரிதும் சிறிதுமாக வேறு பல அரங்குகளும், காட்சிசாலைகளும், சாப்பாட்டுக் கடைகளும், சாராயக் கடைகளும், இவ்வளவு சந்தடிக்கும் நடுவே குழந்தை குட்டிகளோடு வாடகைக்குக் குடியிருக்கிற சாமான்யக் குடும்பங்களும் இருக்கின்றன. இத்தனையும் எப்படி ஓரிடத்தில் வந்து கூடின என்பது ஒரு கதை. கூடியவை ஏன் கலைந்து போகவில்லை என்பது அதைவிடச் சுவாரஸ்யமான மற்றொரு கதை.

ஆதியில் இந்த இடம் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகளின் காய்கனித் தோட்டமாக இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களை எடுத்துக்கொண்ட பிறகு, 1552-ல் இந்த நிலம் பெட்ஃபோர்ட் பிரபுவின் குடும்பத்துக்குப் போயிற்று. அந்த வம்சத்தின் நான்காவது பிரபு 1630-களில், இத்தாலிய நகரங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்த இனிகோ ஜோன்ஸ் என்ற கட்டிடச் சிற்பியை அமர்த்தி, நடுவில் திறந்த சதுக்கமும் அதைச் சுற்றிக் கனவான்களுக்கான வீடுகளும் மேற்குப் பக்கத்தில் ஒரு தேவாலயமுமாக ஒரு புதுப் பேட்டையை நிர்மாணித்தார். தேவாலயத்துக்கு அதிகப் பணம் செலவழிக்கப் பிரபுவுக்கு இஷ்டமில்லை. ஒரு தானியக் கொட்டகை அளவுக்கு இருந்தால் போதும் என்று அவர் சொல்ல, அப்படியானால் இங்கிலாந்திலேயே அழகான கொட்டகையாகக் கட்டித் தருகிறேன் என்று ஜோன்ஸ் பதில் சொன்னதாக ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. 1633-ல் கட்டி முடிந்த அந்தச் செயின்ட் பால் தேவாலயம் (குவிமாடத்தோடு கூடிய பெரிய செயின்ட் பால் வேறு, இது வேறு) சதுக்கத்தைப் பார்த்துக் கம்பீரமான தூண்களோடு நிற்கிறது. ஆனால் அந்தத் தூண்களுக்குப் பின்னால் தெரியும் பெரிய கதவு திறக்காத கதவு. பலிபீடம் கிழக்கே இருக்க வேண்டும் என்ற சமய சம்பிரதாயம் குறுக்கிட்டதால், அந்தக் கதவுக்கு நேர் பின்னால் பீடம் வந்துவிட்டது. உள்ளே போக விரும்புகிறவர் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு மேற்கு வாசலுக்குப் போக வேண்டும். நாடகக்காரர்களின் பேட்டைக்கு ஒரு நாடகக் காட்சித் திரையைப் போன்ற முகப்பு வாய்த்தது தற்செயலே என்றாலும், இதைவிடப் பொருத்தமாக வேண்டுமென்று செய்திருக்கவும் முடியாது.

இத்தேவாலயத்தை நடிகர்களின் கோயில் என்றே அழைக்கிறார்கள். உள்ளே சுவர் நெடுகிலும் சார்லி சாப்ளின், விவியன் லீ, நோயல் கவர்ட் முதலானோரின் ஞாபகப் பலகைகள். வெளியே, தூண்களுக்கு அருகில், 1662-ஆம் வருஷம் மே மாதம் இத்தாலியப் பொம்மலாட்டம் ஒன்றை இவ்விடத்தில் பார்த்ததாகச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்ததை நினைவூட்டும் ஒரு கல்வெட்டு. அந்தப் பொம்மைதான் பிற்காலத்தில் ஆங்கிலக் குழந்தைகள் எல்லோருக்கும் பரிச்சயமான ‘பஞ்ச்’ என்ற கூன் முதுகுக் கோமாளி. பெர்னார்ட் ஷா தம் ‘பிக்மேலியன்’ நாடகத்தை ஆரம்பிப்பதும் இந்தத் தூண்களின் அடியில்தான்: இரவு மழை, நாடகம் விட்டு வந்த சீமாட்டிகள் வாடகை வண்டி கிடைக்காமல் ஒதுங்கி நிற்க, அவர்களிடையே பூக்கூடையோடு ஓர் ஏழைப் பெண். அந்தக் காட்சியை ஷா கற்பனையாக எங்கோ வைக்கவில்லை. பூச்சந்தையும் நாடக சாலையும் தெருவுக்கு எதிர்த்தெருவாக இருந்த இந்த ஒரே இடத்தில்தான் அது இயல்பாக நடந்திருக்கக்கூடும். அதே கதை சங்கீத நாடகமாக மாறி ‘மை ஃபேர் லேடி’ என்ற பெயரில் 1958-ல் லண்டனில் மேடையேறியபோது, அது நடந்த டிரூரி லேன் அரங்கம் இந்தத் தூண்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

தூண்களின் முன்னால் இன்றும் வித்தை நடக்கிறது. வித்தைக்காரன் கல் பாவிய தரையில் கயிறு ஒன்றை வளைத்துப் போடுவதைக் கவனியுங்கள். போகிற வருகிறவர்களில் நாலு பேரை அந்தக் கயிற்றின் அருகே வந்து நிற்கச் சொல்லுவான். நாலு பேர் நின்றால் நாற்பது பேர் நிற்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். கையைத் தட்டச் சொல்லிப் பழக்குவான். தட்டியது போதாதென்று பரிகாசம் செய்வான். கூட்டத்தில் கூச்சமாக நிற்கிற ஒரு தொந்திக்கார ஆசாமியைத் தேர்ந்து இழுத்து வந்து, ஆள் உயரத்துக்கு மேற்பட்ட ஒற்றைச் சக்கர வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுவான். அரை மணி நேரம் இப்படிப் பேச்சிலேயே போகும். கடைசி வித்தைக்குச் சற்று முன்பு, எரியும் பந்தங்களைக் கையில் வைத்துக்கொண்டே, தனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை, இதுவே தன் ஜீவனம் என்று ஒரு சிறு பிரசங்கம் செய்வான். வித்தை முடிந்த பிறகு கேட்டால் கூட்டம் கலைந்துவிடும், முன்பே கேட்டால் யாருக்கும் மனம் இளகாது என்பதால் அந்தப் பிரசங்கத்துக்குரிய கணம் இதுவே என்பது தொழிலில் ஊறியவர்கள் கண்டறிந்த சூக்ஷ்மம். தொப்பியோடு இப்போது அட்டை தேய்க்கும் கருவியும் வருகிறது. பழைய சந்தைக் கட்டிடத்தின் கீழ்த்தளத்து முற்றத்தில் பாடுகிறவர்களோ முறையாகக் குரல் பரீட்சை கொடுத்து இடம் பெற்றவர்கள்; மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கையில் காப்பிக் கோப்பையோடு, பெரிய அரங்கில் கேட்கவேண்டிய இத்தாலியக் கீதங்களைக் காசில்லாமல் கேட்டு நிற்கலாம்.

நாடகம் இந்தப் பேட்டைக்கு வந்தது அரசனின் அனுக்கிரகத்தால். தூய்மைவாதிகளின் ஆட்சியில் மூடிக் கிடந்த நாடக சாலைகளைத் திறக்க விரும்பிய இரண்டாம் சார்லஸ் மன்னன், கில்லிகிரூ, டேவினன்ட் என்ற இருவருக்கு மட்டும் சாசனம் வழங்கினான். லண்டனில் வசன நாடகம் நடத்தும் உரிமை நெடுங்காலம் இவர்களுக்கும் இவர்களுடைய வாரிசுகளுக்குமே இருந்தது. கில்லிகிரூவின் கம்பெனி 1663-ல் டிரூரி லேனில் அரங்கம் திறந்தது. மற்றச் சாசனம் கைமாறி, 1732-ல் ஜான் ரிச் என்பவர் சதுக்கத்தை ஒட்டிக் கட்டிய அரங்கத்தில் வந்து நின்றது; அதுவே இன்றைய ஆபரா ஹவுஸின் மூதாதை. இரண்டு அரங்கங்களும் எரியும் சுடர்களால் ஒளி பெற்ற காலமாதலால் இரண்டும் நெருப்புக்கு இரையாகாமல் இருக்கவில்லை. ஆபரா ஹவுஸ் நிற்கிற மனையில் 1808-லும் 1856-லும் தீ. இப்போது இருப்பது 1858-ல் கட்டிய மூன்றாவது கட்டிடம். டிரூரி லேன் 1809 பிப்ரவரியில் எரிந்தபோது அதன் முதலாளியும் நாடகாசிரியருமான ஷெரிடன், சதுக்கத்திலிருந்த ஒரு காப்பிக் கடையில் கோப்பையும் கையுமாக அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். இவ்வளவு நிதானமா என்று கேட்டவர்களிடம், ஒரு மனிதன் தன் வீட்டுக் கணப்பின் அருகே உட்கார்ந்து ஒரு வாய் மது அருந்தக்கூடாதா என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்லுவார்கள். 1812-ல் எழும்பிய இப்போதைய டிரூரி லேன் அரங்கத்தில், சாம்பல் நிற அங்கி அணிந்த ஒரு பேய் உலவுவதாக ஐதிகம். நம் ஊர்ப் பேய்கள் நடுநிசிக்குக் காத்திருக்க, இது பகல் காட்சிக்கு வருகிறது. அது கண்ணில் பட்டால் நாடகம் வெற்றி என்று நடிகர்கள் நம்புகிறார்கள்.

1809 செப்டம்பரில், தீக்குப் பிறகு புதிதாகக் கட்டிய கோவென்ட் கார்டன் அரங்கத்தில், கட்டிடச் செலவை ஈடுகட்டச் சீட்டு விலையை உயர்த்தினார்கள். ஜனங்கள் அரங்கத்துக்கு வராமல் இருந்துவிடவில்லை. வந்தார்கள், வந்து நாடகத்தைக் கேட்கவிடாமல் மணி அடித்தார்கள், தகரத்தைத் தட்டினார்கள், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு மாதங்களுக்கு மேல் இப்படி இரவுக்கு இரவு கலவரம் நடந்து, கடைசியில் அரங்கத்தை நடத்திய புகழ் பெற்ற நடிகர் ஜான் கெம்பிள் மேடையில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொள்ள, தரை டிக்கெட் பழைய விலைக்கே இறங்கிற்று. இந்தப் பேட்டை ஜனங்கள் எளிதில் விட்டுக்கொடுக்கிற ஜாதியல்ல என்பதை அதிகாரிகள் ஞாபகம் வைத்திருந்தால், நூற்று அறுபது வருஷங்களுக்குப் பிறகு நேர்ந்த ஒரு பெரிய சங்கடத்தைத் தவிர்த்திருக்கலாம்.

அதற்குமுன் சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1670-ல் அரச சாசனம் பெற்ற காய்கனிச் சந்தை வளர்ந்து வளர்ந்து சதுக்கம் முழுவதையும் விழுங்கியது. கனவான்கள் வீடுகளைக் காலி செய்துகொண்டு மேற்கே போனார்கள். 1830-ல் சார்லஸ் ஃபௌலர் வரைந்த திட்டப்படி இப்போதுள்ள சந்தைக் கட்டிடம் எழுந்தது. நள்ளிரவில் வண்டிகள் வந்து முட்டைக்கோசும் ஆப்பிளும் இறங்க, விடியற்காலையில் வியாபாரம் உச்சத்துக்கு வந்து, நண்பகலில் கூட்டுகிறவர்கள் மட்டும் மிஞ்ச, பொழுது சாய்ந்தபின் நாடக ரசிகர்கள் வந்து சேருவார்கள். ஆகவே இருபத்து நாலு மணி நேரத்தில் தெரு வெறிச்சோடிக் கிடந்த நேரம் மிகக் குறைவு. அழுகிய காய்கறி நாற்றத்துக்கு நடுவே பெரிய மனிதர்கள் வீடோ காரியாலயமோ வைத்துக்கொள்ள மாட்டார்களாதலால் வாடகையும் ஏறவில்லை. அதனால் திரை எழுதுகிறவர்கள், வேஷத்துணி தைக்கிறவர்கள், இசைக்கருவி பழுது பார்க்கிறவர்கள், சிறிய அச்சாபீஸ்காரர்கள் முதலிய நாடகத் தொழிலின் உபதொழில்காரர்கள் பக்கத்திலேயே குடியிருந்து நடந்தே வேலைக்குப் போக முடிந்தது. கலையை வளர்த்தது அரச சாசனம் என்பார்கள்; என் அபிப்பிராயத்தில் அதற்குச் சமமான பங்கு அந்த அழுகிய முட்டைக்கோசுக்கும் உண்டு. எர்லம் தெருவில் இன்று நல்ல நடிப்புக்குப் பெயர்போன டான்மார் வேர்ஹவுஸ் என்ற சிறிய அரங்கம், ஒரு காலத்தில் சந்தைக்கு வரும் வாழைக்காயைப் பழுக்க வைக்கும் கிடங்காக இருந்தது. காய்கறி வியாபாரியின் மகனான ஹிட்ச்காக், ‘ஃபிரென்ஸி’ என்ற தம் படத்தை இந்தச் சந்தையிலேயே எடுத்து 1972-ல் வெளியிட்டார். சந்தையின் கடைசி நாட்களை ஓடும் படமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

லாரிகள் பெருத்துப் போக்குவரத்து ஸ்தம்பித்ததால், சந்தையைத் தேம்ஸ் நதிக்குத் தெற்கே நைன் எல்ம்ஸ் என்ற இடத்துக்கு மாற்றுவதென்று 1960-களில் தீர்மானமாயிற்று. காலியாகப் போகிற இடத்தை என்ன செய்வது? அக்காலத்தில் லண்டனை நிர்வகித்த பெருநகர மன்றம், இரண்டு உள்ளூராட்சிகளோடு சேர்ந்து, 1968-ல் ஒரு பிரம்மாண்டமான திட்டத்தை வெளியிட்டது. ஏறக்குறைய 100 ஏக்கர் பரப்பில் பெரும் பகுதியை இடித்துத் தள்ளி, மாநாட்டு மண்டபமும் ஹோட்டல்களும் அடுக்குமாடிக் காரியாலயங்களும் எழுப்புவது. மோட்டார் வாகனங்களுக்கு அகன்ற புதுச் சாலைகள் போடுவது. நடக்கிறவர்களைத் தரையிலிருந்து கிளப்பி, உயரத்தில் கட்டும் நடைமேடைகளில் அனுப்புவது. திட்டம் வரைந்தவர்கள் துஷ்டர்கள் அல்லர். தரை என்பது வண்டிகளுக்கு உரியது, மனிதனுக்கு வேறு ஏற்பாடு செய்து கொடுத்தால் போதும் என்பது அக்காலத்து நிபுணர்கள் பலரின் பொதுவான சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தின்படி கட்டிய வேறு நகரங்களில் அந்த நடைமேடைகள் பாழடைந்து, பிறகு இடிக்கப்பட்டதைப் பிற்காலம் பார்த்தது.

இங்கே அது நடக்கவில்லை. குடியிருப்பவர்களும் சிறு வியாபாரிகளும் மாணவர்களும் சேர்ந்து 1971-ல் கோவென்ட் கார்டன் சமூக சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த வருஷமே பகிரங்க விசாரணை நடந்தது. சந்துகளில் வாழ்ந்த கிழவிகள்கூட வந்து ஆக்ஷேபம் சொன்னார்கள். திட்டக் குழுவிலேயே பணியாற்றிய பிரையன் ஆன்சன் என்ற நிபுணர், தாம் இடிக்கப் போகிற வீடுகளில் இருப்பவர்களோடு பேசப் பேச மனம் மாறி, எதிர்ப்பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். திட்டத்துக்குப் பொறுப்பான குழுவின் தலைவியாக இருந்த டார்ட்மத் சீமாட்டி (பிற்காலத்தில் இளவரசி டயானாவுக்குச் சிற்றன்னையானவர் இவரே) 1972-ல் ராஜினாமாச் செய்தார். 1973 ஜனவரியில் மந்திரி ஜெஃப்ரி ரிப்பன் செய்த முடிவு ராஜதந்திரத்துக்கு ஓர் உதாரணம்: திட்டத்தை அவர் முழுவதும் நிராகரிக்கவில்லை; ஆனால் அதே கையோடு அந்தப் பிரதேசத்தில் ஏறக்குறைய 250 கட்டிடங்களைப் பாதுகாக்கப்பட்டவை என்று அறிவித்துவிட்டார். தெருவுக்குத் தெரு தொடக்கூடாத கட்டிடங்கள் நின்றால் அகன்ற சாலை எதன்மேல் ஓடும்? திட்டம் அத்தோடு முடிந்தது.

1974 நவம்பரில் சந்தை போயிற்று. தோற்ற பெருநகர மன்றமே பிறகு புத்தி தெளிந்து, குடியிருப்பவர்களோடு கலந்து யோசித்து, பழைய சந்தைக் கட்டிடத்தைச் செம்மையாகப் பழுதுபார்த்து 1980-ல் திறந்தது. பூச்சந்தைக் கட்டிடம் போக்குவரத்துக் காட்சிசாலையாயிற்று. லாங் ஏக்கர் வீதியில் ஓடம்ஸ் அச்சகம் இருந்த மனையில் சாமான்யர்களுக்கான வீடுகள் எழுந்தன. இந்தப் பெருந்தன்மையையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

ஆனால் வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. நாற்றம் போனதும் வாடகை ஏறிற்று. சந்தை மண்டபத்தில் ஆரம்பத்தில் கைத்தொழில்காரர்கள் வைத்த சிறு கடைகள் பல மறைந்து, உலகத்தின் எந்தப் பெரிய நகரத்திலும் ஒரே முகத்தோடு இருக்கிற வாசனைத் திரவியக் கடைகளும் செல்பேசிக் கடையும் வந்துவிட்டன. சதுக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், ஓர் அழகான கடைத்தெருவைப் பார்த்தேன் என்றுதான் சொல்லுவார். அதில் தவறும் இல்லை. ஆகவே சதுக்கத்தில் நெடுநேரம் தங்காமல் சந்துகளுக்குள் நுழைந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். குட்வின்ஸ் கோர்ட் என்ற சந்தில் புடைத்த கண்ணாடி ஜன்னல்களும் வாயு விளக்குகளும் அப்படியே இருக்கின்றன. வடக்கே ஏழு தெருக்கள் வந்து கூடும் செவன் டயல்ஸில் நடுத்தூணின் உச்சியில் சூரிய கடிகாரங்கள் ஆறு. ஏழாவது எங்கே என்று தேடிக் கழுத்தை வளைக்க வேண்டாம், தூணே ஏழாவது என்கிறார்கள். அங்கிருந்து நாலு எட்டில், அகாதா கிறிஸ்டி எழுதி 1952 நவம்பர் 25-ல் லண்டனில் அரங்கேறி, 1974-ல் பக்கத்து அரங்கத்துக்கு மாறி, தொற்றுநோய்க் காலத்தில் மட்டும் நின்று, மறுபடி நடந்துவரும் ‘மவுஸ்டிராப்’. கொலையாளி யாரென்று வெளியே சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் ரசிகர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். ரசிகர்களும் பெரும்பாலும் காப்பாற்றி வருகிறார்கள்.

தெற்கே ஸ்டிராண்டுக்கு வந்தால், 1881-லேயே முழுவதும் மின்சார விளக்கால் ஒளி பெற்ற முதல் பொதுக் கட்டிடமான சவாய் அரங்கம். அதற்குச் சற்றுக் கிழக்கே, சாமர்செட் மாளிகையின் முன்னால், பஸ்களும் மோட்டார்களும் இரைந்துகொண்டிருந்த வீதியின் ஒரு பகுதியை 2022-ல் நடப்பவர்களுக்கே விட்டுவிட்டார்கள். மரமும் பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். அதன் அருகிலேயே, கிருஷ்ண மேனன் முதலியோரின் முயற்சியால் ஏற்பட்டு, குறுகலான படிக்கட்டு ஏறிப் போனவர்களுக்கு மசால் தோசை கொடுத்துக்கொண்டிருந்த இந்தியா கிளப், கட்டிடத்தைப் புதுப்பிக்கும் யோசனையின் பேரில் 2023 செப்டம்பரில் மூடப்பட்டது. நடைக்கு உகந்ததாக்கிய இடத்தில் நடந்து போய்ச் சேர வேண்டிய பழைய இடங்கள் ஒவ்வொன்றாக மறைவது, இந்தப் பிரதேசம் இன்னும் தீர்த்துக்கொள்ளாத கணக்கு.

போகிறவர்கள் லெஸ்டர் ஸ்கொயரில் இறங்கி, அங்கே அன்றைய நாடகங்களுக்குக் குறைந்த விலையில் சீட்டு விற்கும் கூண்டில் விசாரித்துக்கொண்டு, மீதியை நடந்தே பாருங்கள். நூறு ஏக்கரை இடிக்கப் புறப்பட்ட பெருநகர மன்றத்தை, வேறு அரசியல் காரணங்களுக்காக, பார்லிமெண்டே 1986-ல் கலைத்துவிட்டது. அதை எதிர்ப்பதற்காக 1971-ல் கூடிய சமூக சங்கம் இன்னும் கூடி, புதுக் கட்டிட மனுக்களையும் மதுக்கடை லைசென்ஸ் மனுக்களையும் ஒவ்வொன்றாகப் படித்து ஆக்ஷேபம் எழுதிக்கொண்டிருக்கிறது.